எப்போதாவது வரும் வீசிங்குக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எதற்கு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 26. பருவம் மாறும்போதும் தூசி பட்டாலும் வீசிங் வருகிறது, மாதத்தில் இரண்டு மூன்று முறை. பல வருடங்களாக நீல நிறச் சால்பியூட்டமால் இன்ஹேலரில் இரண்டு பஃப் இழுத்தால் சரியாகிவிடும். புதிதாகப் பார்த்த டாக்டர் அதை நிறுத்திவிட்டு, புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரை எழுதித் தந்து, "வீசிங் வந்தால் இனி இதையே இழுங்கள்" என்றிருக்கிறார். புடசோனைடு ஒரு ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயம் வந்துவிட்டது. லேசான ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எதற்கு, இது மருந்து கம்பெனிகளின் வியாபாரமா, இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஆதாரம் உண்டா என்றால், ஆஸ்துமா மருத்துவத்தில் இந்த அளவுக்கு வலுவான ஆதாரம் உள்ள விஷயங்கள் குறைவு. அந்த ஆதாரம் உருவாக அறுபது ஆண்டுகள் ஆயின, நடுவே நிறைய இளம் உயிர்களும் போயின. நுரையீரல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவரில் எப்போதும் கொஞ்சம் அழற்சி இருக்கும். ஈஸினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து தங்கியிருக்கும், சுவர் லேசாக வீங்கியிருக்கும், சளி கூடுதலாகச் சுரக்கும். இப்படித் தயாராக இருக்கும் குழாய், தூசியோ குளிர்காற்றோ சளிக்காய்ச்சலோ பட்டதும் சட்டென்று இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கம்தான் உங்களுக்குத் தெரியும் வீசிங். சால்பியூட்டமால் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், ஐந்து நிமிடத்தில் மூச்சு விடும். ஆனால் வீக்கத்தையும் வெள்ளணுக்களையும் அது தொடுவதே இல்லை. சொத்தைப் பல்லுக்கு வலி மாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ளுவது போலத்தான். அழற்சியைக் குறைப்பதில் முதன்மையான மருந்து இழுக்கும் ஸ்டீராய்டுதான்.

இதற்கும் மேல் ஒரு சிக்கல். சால்பியூட்டமால் வகை மருந்தைத் தனியாக, அடிக்கடி எடுத்தால், அது வேலை செய்யும் ஏற்பிகள் (செல்களில் மருந்து வந்து ஒட்டும் இடங்கள்) மெல்ல மந்தமாகின்றன. குழாய் முன்பைவிடச் சுலபமாக இறுகத் தொடங்குகிறது. பஃப் எண்ணிக்கை கூடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்கிற மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து.

இதை மருத்துவ உலகம் கற்ற விதம் வேதனையானது. அழுத்தக் குப்பியில் அடைத்த முதல் ஆஸ்துமா ஸ்ப்ரே 1956-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1960-களில் ஐசோபிரினலின் என்ற மருந்தை மிக அதிக செறிவில் அடைத்த ஸ்ப்ரே இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பரவியது. கூடவே ஆஸ்துமா மரணங்களும் ஏறின. இங்கிலாந்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே அது பல மடங்கானது. அந்த அதிசெறிவு ஸ்ப்ரேக்கு அனுமதி தராத அமெரிக்காவில் அப்படி ஒரு ஏற்றம் இல்லை. எச்சரிக்கை வந்து, விற்பனை குறைந்ததும் மரணங்களும் இறங்கின. அப்புறம் 1969-ல் சால்பியூட்டமால் வந்தது. இதயத்தைக் குறைவாகவே சீண்டுகிற, பாதுகாப்பான மருந்து. பிரச்சினை தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1976-ல் நியூசிலாந்தில் ஃபெனொட்டெரால் என்ற மருந்து அறிமுகமானது. அதே வகை, ஆனால் ஒரு பஃப்பில் 200 மைக்ரோகிராம், சால்பியூட்டமாலில் 100 மட்டுமே. சில ஆண்டுகளுக்குள் 5 முதல் 34 வயதுக்காரர்களின் ஆஸ்துமா மரண விகிதம் லட்சத்துக்கு நான்கைத் தாண்டியது. உலகில் வேறெங்கும் அவ்வளவு இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலிய சில இளம் ஆய்வாளர்கள் இதைத் தோண்டினார்கள். 1981 முதல் 1983 வரை ஆஸ்துமாவால் இறந்த, 5 முதல் 45 வயதுக்குட்பட்ட 117 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன மருந்து எடுத்தார்கள், அதே போன்ற ஆனால் உயிரோடிருந்த நோயாளிகள் என்ன எடுத்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். இறந்தவர்களிடையே ஃபெனொட்டெரால் எடுத்தவர்கள் அதிகம் இருந்தார்கள். கட்டுரை 1989-ல் லான்செட் இதழில் வந்தது. வருவதற்கு முன்பே பெரிய எதிர்ப்பு. மருந்து நிறுவனமும் சில நிபுணர்களும் சொன்ன வாதம் கேட்பதற்கு நியாயமானதுதான்: நோய் கடுமையாக இருப்பவர்களுக்குத்தான் டாக்டர்கள் வலுவான மருந்தைத் தருவார்கள், கடுமையான நோயாளிகள்தான் அதிகம் இறப்பார்கள், அதில் மருந்தின் குற்றம் எங்கே வந்தது?

இந்த வாதத்தை அவர்கள் எதிர்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த இடம். மருந்து வெறும் அடையாளம்தான், நோயின் கடுமைதான் உண்மைக் காரணம் என்றால், கடுமையான நோயாளிகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடும்போது அந்தத் தொடர்பு மங்க வேண்டும் அல்லது மறைய வேண்டும். அவர்கள் அப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். முந்தைய ஆண்டில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் அளவுக்குப் போனவர்கள் என்று குழுவைச் சுருக்கச் சுருக்க, தொடர்பு மேலும் வலுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேறு நோயாளிகளை வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளும் அதையே காட்டின. நியூசிலாந்து அரசு எச்சரித்தது, ஃபெனொட்டெரால் விற்பனை சரிந்தது, மரண விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1990-ல் அதே நாட்டில் மால்கம் சியர்ஸ் குழு நடத்திய சோதனையில், ஃபெனொட்டெராலைத் தினமும் வேளை தவறாமல் எடுத்தவர்களைவிட, தேவைப்பட்டபோது மட்டும் எடுத்தவர்களுக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தது.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநில மருந்துப் பதிவேடுகளிலிருந்து 2000-ல் வந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. முந்தைய ஓராண்டில் ஒருவர் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு இழுக்கும் ஸ்டீராய்டு குப்பிக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்தது. அதிகச் செறிவு ஸ்டீராய்டு இல்லை, குறைந்த செறிவு மருந்துக்கே இந்தப் பலன்.

சால்பியூட்டமால் போலவே தசையைத் தளர்த்தி, ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும் சால்மெட்டெரால் விஷயத்திலும் இதே பாடம் திரும்ப வந்தது. அமெரிக்காவில் 26,355 பேரை 28 வாரம் பின்தொடர்ந்த ஸ்மார்ட் என்ற சோதனை 2003-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்டெராலும் எடுத்த குழுவில் ஆஸ்துமாவால் 13 பேர் இறந்திருந்தார்கள், மருந்தில்லாத போலிக் குப்பி எடுத்த குழுவில் 3 பேர். பங்கேற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் தொடக்கத்தில் இழுக்கும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கவில்லை. பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஸ்டீராய்டோடு சேர்த்துத் தந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கச் சொல்லி மருந்து நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நான்கு பெரிய சோதனைகள், 41,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். சேர்த்துத் தந்தபோது கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 2017 டிசம்பரில் இரண்டும் சேர்ந்த கூட்டு இன்ஹேலர்களின் மேல் கட்டம் கட்டி அச்சிட்டிருந்த கடும் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

சரி, இதெல்லாம் கடுமையான ஆஸ்துமாவுக்கு, எனக்கு வருவதோ மாதத்தில் இரண்டு மூன்று முறை என்று நீங்கள் சொல்லலாம். பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 195 மரணங்கள். நோயின் கடுமையைக் கணிக்க முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமா என்று சிகிச்சை பெற்றவர்கள். "லேசு" என்று நாம் சொல்வது வழக்கமான நாட்களில் எவ்வளவு தொந்தரவு என்பதை வைத்துத்தான். ஒரு கெட்ட வைரஸ் காய்ச்சல் வரும் வாரத்தில் என்ன நடக்கும் என்று அந்தச் சொல் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஸ்டார்ட் என்ற ஆய்வில் சமீபத்தில் தொடங்கிய லேசான ஆஸ்துமா உள்ள 7,241 பேருக்கு மூன்று ஆண்டுகள் தினமும் குறைந்த அளவு புடசோனைடோ போலி மருந்தோ தந்தார்கள். மருத்துவமனையில் சேரவோ அவசர சிகிச்சை பெறவோ வேண்டிய அளவுக்கான தாக்குதல்கள் புடசோனைடு குழுவில் 44 சதவீதம் குறைவு.

அப்படியானால் எல்லோரையும் தினமும் ஸ்டீராய்டு இழுக்கச் சொன்னால் போதாதா? சொன்னோம், யாரும் கேட்கவில்லை. எந்த நாட்டு மருந்துப் பதிவேட்டைப் பார்த்தாலும் தினசரி இன்ஹேலரைச் சொன்னபடி எடுப்பவர்கள் பாதிகூடத் தேறுவதில்லை. நன்றாக இருக்கும் நாளில் மருந்து எடுக்க மனம் வராது, அதில் நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. எடுத்தவுடன் நிம்மதி தரும் நீல இன்ஹேலரைத்தான் கை தேடும்.

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல யோசனை பிறந்தது. கை எப்படியும் நிவாரண இன்ஹேலரைத் தேடத்தான் போகிறது என்றால், அதற்குள்ளேயே ஸ்டீராய்டை வைத்துவிட்டால் என்ன? ஃபார்மோட்டெரால் சால்பியூட்டமால் போலவே சில நிமிடங்களில் வேலை செய்யும், பலன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அதோடு புடசோனைடு. பெரிய தாக்குதல் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை, நாலைந்து நாட்களாக மெல்ல ஏறித்தான் உச்சத்துக்குப் போகும். அந்த நாட்களில் நோயாளி நிவாரணத்துக்காக இழுக்கும் ஒவ்வொரு பஃப்பும் அழற்சிக்கும் மருந்தாகிவிடும்.

யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. சிக்மா 1 என்ற சோதனையில் லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேரை மூன்றாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2018-ல் முடிவு வெளியானது. சால்பியூட்டமால் வகை மருந்தான டெர்பியூட்டலினைத் தேவைக்கு மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், தேவைக்குக் கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களிடம் கடும் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவு. தினமும் புடசோனைடு எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் தாக்குதல் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உடலுக்குள் போன ஸ்டீராய்டு, தினசரிக் குழுவினுடையதில் 17 சதவீதம்தான்!

நேர்மையாக இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருந்த வாரங்கள் என்று பார்த்தால் தினசரி புடசோனைடு 44.4 சதவீதம், தேவைக்குக் கூட்டு இன்ஹேலர் 34.4, டெர்பியூட்டலின் மட்டும் 31.1. அன்றாடத் தொந்தரவு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றால் தினசரி மருந்துக்குத்தான் முன்னிலை. வாரத்தில் பல நாள் வீசிங் வருபவர்களுக்குத் தேவைக்கு மட்டும் என்ற முறை போதாது.

மருந்து கம்பெனியின் வேலையா என்று கேட்டீர்களே, அது கேட்கவேண்டிய கேள்விதான். சிக்மா சோதனைகளுக்கு அந்த இன்ஹேலரைத் தயாரிக்கும் ஆஸ்ட்ராஜெனெகா பணம் தந்தது. ஆனால் அடுத்த ஆண்டே நியூசிலாந்து முழுக்க நடந்த பிராக்டிகல் என்ற சோதனைக்குப் பணம் தந்தது அந்நாட்டு அரசின் சுகாதார ஆய்வுக் கழகம். போலி மருந்தெல்லாம் இல்லாமல், நிஜ வாழ்க்கையில் எப்படி எடுப்பார்களோ அப்படியே 890 பேர். தினசரி புடசோனைடும் கூடவே நிவாரணியும் எடுத்தவர்களைவிட, தேவைக்குக் கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல் 31 சதவீதம் குறைவு. அதே 2019-ல் நாவல் ஸ்டார்ட் என்ற இன்னொரு சோதனை, சால்பியூட்டமால் மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது தாக்குதல்கள் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் ரிச்சர்ட் பீஸ்லி. 1989 கட்டுரையில் பெயர் இருந்த அதே வெலிங்டன்காரர், முப்பது ஆண்டுகள் கழித்து. இன்னொன்றும் கவனியுங்கள்: நம் ஊரில் இந்தக் கூட்டு மருந்தை இப்போது பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, ஒருவரின் ஏகபோகமாக அது இல்லை.

2019 ஏப்ரலில் ஜினா என்று அழைக்கப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் வகை மருந்தை மட்டும் தந்து சிகிச்சை செய்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. உங்கள் டாக்டர் செய்திருப்பது அதைத்தான்.

ஸ்டீராய்டு பயத்துக்கு வருவோம். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஊசியும் ஸ்டீராய்டு என்றே அழைக்கப்படுவதால் பாதிக் குழப்பம். அது வேறு, இது வேறு. இது நம் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசோலின் உறவு. அளவைப் பாருங்கள். ஒரு பெரிய தாக்குதல் வந்து ஐந்து நாளைக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினமும் 40 மில்லிகிராம் போட்டால், 200 மில்லிகிராம் ரத்தத்தில் கலக்கிறது. தினமும் 200 மைக்ரோகிராம் புடசோனைடை ஒரு வருடம் முழுக்க இழுத்தாலும் கூட்டுத்தொகை 73 மில்லிகிராம்தான். இரண்டும் வெவ்வேறு மருந்துகள், வீரியமும் வேறு, எனவே மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிட முடியாது. ஆனாலும் இழுக்கும் புடசோனைடில் ஒரு பகுதிதான் ரத்தத்துக்குப் போகிறது, விழுங்கப்படும் பகுதியில் பெரும்பங்கை ஈரல் உடைத்துவிடுகிறது. நீங்களோ தினமும்கூட எடுக்கப் போவதில்லை. வாழ்நாளில் நாலைந்து முறை மாத்திரைக் கோர்ஸ் எடுத்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை போன்றவற்றின் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரைத் தவிர்ப்பவர்தான் கடைசியில் அதிக ஸ்டீராய்டு வாங்குகிறார்.

குழந்தைகள் வளர்ச்சி பற்றியும் பெற்றோர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் கேம்ப் என்ற ஆய்வில் 1,041 பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் சிகிச்சை தந்து, பெரியவர்கள் ஆனபிறகும் உயரம் அளந்தார்கள். தினமும் புடசோனைடு எடுத்தவர்கள், போலி மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. அந்தக் குறைவு முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏற்பட்டதுதான், வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை. பாதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூச்சுத்திணறலோடு வளரும் பிள்ளை இழப்பது இதைவிட அதிகம்.

"இன்ஹேலர் பழகிவிடும்" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் மாத்திரையும் சிரப்பும் ஊசியுமாக ஓட்டுகிறார்கள். உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில். ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில். 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீடு சொல்லும் கணக்கு இது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது, தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிறது, விலையும் பல நாடுகளைவிடக் குறைவு. ஆளிடம் போய்ச் சேரவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். எல்லாக் கூட்டு இன்ஹேலரும் இப்படித் தேவைக்கு எடுக்க ஏற்றதல்ல. பெட்டியில் ஃபார்மோட்டெரால் என்று இருக்க வேண்டும். சால்மெட்டெரால் சேர்ந்தது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை அவசரத்துக்கு இழுக்கக்கூடாது. கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

இழுக்கும் முறை பாதி மருந்து. வெளிநோயாளிப் பிரிவில் "எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டால் பலரும் குப்பியை அழுத்திவிட்டு அப்புறம்தான் மூச்சை இழுப்பார்கள். மருந்து நாக்கில் பட்டு நின்றுவிடும். குலுக்குங்கள், மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், உதட்டை இறுக்கமாகப் பொருத்துங்கள், மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் நொடியில் அழுத்துங்கள், இழுத்து முடித்துப் பத்து நொடி அடக்குங்கள். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இருந்தால் இன்னும் நல்லது. பொடி இழுக்கும் ரோட்டாகேப் வகைக்கு மட்டும் எதிர்மாறாக, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம், குரல் கரகரக்கலாம்.

இதுவரை வாங்கிய நீலக் குப்பிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் 200 பஃப் இருக்கும். வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியாகிறது என்றால் தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது, பன்னிரண்டைத் தொட்டால் உயிராபத்தே கூடுகிறது. அப்படியிருந்தால் உங்கள் ஆஸ்துமா லேசானதில்லை, டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள், தினசரி மருந்து தேவைப்படலாம். அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் மூக்கு ஒவ்வாமைக்கும் சேர்த்து சிகிச்சை எடுங்கள். ஆனால் தும்மலுக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தாது.

200/6 அளவு இன்ஹேலர் (ஒரு பஃப்பில் 200 மைக்ரோகிராம் புடசோனைடு, 6 மைக்ரோகிராம் ஃபார்மோட்டெரால்) என்றால் 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 12 பஃப். இழுத்தும் மூச்சு அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அல்லது அந்த 12-ஐ நெருங்கிவிட்டீர்கள் என்றால் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு பஃப்பாக இழுத்துக்கொண்டிருங்கள், படுக்காதீர்கள்.